கிளறுவதா, உரிப்பதா, தோண்டுவதா? பெங்களூருவின் பழைய கோல்ஃப் கிரீன்களுக்கு நான்கு வழிகள்

செப்டம்பரில் ஒரு மணி நேரம் நல்ல மழை. மழை விட்டு இரண்டு மணி நேரம் ஆன பிறகும் ஐந்தாறு கிரீன்களில் (குழியைச் சுற்றி மிகக் குட்டையாக வெட்டிய புல்பரப்பில்) கால் வைத்தால் ஷூ அச்சு பதிகிறது, பள்ளமான ஓரத்தில் தண்ணீர் நிற்கிறது. அதே கிரீன்கள் ஏப்ரலில் இறுகிப்போய், விடுகிற தண்ணீரை உள்ளே வாங்காமல் சரிவில் வழியவிடுகின்றன. இந்த நிலையில் கூடும் கமிட்டியில் ஒரு பக்கம் "எல்லாவற்றையும் தோண்டிப் புதிதாகப் போட்டுவிடலாம்" என்பார்கள். இன்னொரு பக்கம் "மணல் தூவினால் சரியாகிவிடும்" என்பார்கள். இரண்டுமே சில கிரீன்களுக்குச் சரி, சில கிரீன்களுக்குப் பெரும் பண விரயம். தண்ணீர் எந்த ஆழத்தில் சிக்கி நிற்கிறது என்பதைப் பார்த்துவிட்டால் பாதி விவாதம் முடிந்துவிடும். மீதிப் பாதியைப் பெங்களூருவின் பருவம் முடிவு செய்கிறது.

முதலில் குழியைப் பாருங்கள்

தினமும் குழி மாற்றும் மாலியின் (தோட்டக்காரரின்) கையில் இருக்கும் கட்டர் போதும். 108 மி.மீ. விட்டமுள்ள அந்தக் கட்டரால் வழக்கமான ஆழத்தோடு நிறுத்தாமல் 200 மி.மீ. வரை மண் உருளை எடுத்து, நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து வெயிலில் வையுங்கள். மேலே பச்சைக்குக் கீழ் பழுப்பாகப் பஞ்சு போன்ற ஓர் அடுக்கு இருக்கும். செத்த தண்டும் வேரும் மட்காமல் சேர்ந்த அடுக்கு அது. நம் ஆட்கள் தேட்ச் என்பது அதைத்தான். அது 10 மி.மீ.யா, 40 மி.மீ.யா என்று அளந்து எழுதிக்கொள்ளுங்கள். அதன் கீழே பல ஆண்டுகளாகத் தூவிய மணல் வரிவரியாகத் தெரியும். ஓர் ஆண்டு ஆற்று மணல், மறு ஆண்டு எம்-சாண்ட், அடுத்து வேறு குவாரி என்று ஒவ்வொரு கொள்முதலும் அங்கே தன் கோட்டைப் போட்டிருக்கும். வேர் எந்த வரியில் நிற்கிறது என்று பாருங்கள். கறுத்த வரி இருந்து, அழுகிய முட்டை வாடை அடித்தால், அந்த இடத்தில் காற்றே இல்லை என்று பொருள்.

இப்போது கையால் அழுத்துங்கள். மேல் 50 மி.மீ. பிழிந்தால் தண்ணீர் கசிந்து, கீழ்ப்பகுதி ஈரப்பதமாக மட்டும் இருந்தால் நோய் மேலே இருக்கிறது. மேலும் கீழும் ஒரே சேறாக இருந்தாலோ, கீழே செம்மண் சாம்பல் நிறத்துக்கு மாறியிருந்தாலோ அடியில் வடிகால் இல்லை, அல்லது இருந்தும் அடைத்துக்கொண்டது. இந்த ஒரு வேறுபாடுதான் பின்னால் வரும் நான்கு வழிகளையும் பிரிக்கிறது. ஒவ்வொரு கிரீனிலும் மேட்டில் ஒன்று, நடுவில் ஒன்று, தண்ணீர் நிற்கும் இடத்தில் ஒன்று என மூன்று உருளைகளாவது எடுக்க வேண்டும். மேட்டை மட்டும் பார்த்துவிட்டு முழு கிரீனுக்கும் தீர்ப்பு எழுதக்கூடாது.

இதோடு இரண்டு பரிசோதனைகள் தேவை. 0-20, 20-40, 40-60 மி.மீ. அடுக்குகளைத் தனித்தனியாக ஆய்வகத்துக்கு அனுப்பிக் கரிமப் பொருளின் அளவைக் கேளுங்கள். எடையில் 4 சதவீதத்தைத் தாண்டினால் மேற்பரப்பு தண்ணீரைப் பிடித்து வைக்கத் தொடங்கும். அடுத்தது நீர் இறங்கும் வேகம். இரட்டை வளையம் வைத்து, மண்ணை முதலில் நன்றாக நனைத்துவிட்டு அளக்க வேண்டும். ஒற்றைக் குழாயை அடித்து அளந்தால் தண்ணீர் பக்கவாட்டிலும் பரவி, உண்மையைவிட அதிக வேகம் காட்டும். பெங்களூருவின் மாலை இடிமழை மணிக்கு 50 மி.மீ. வேகத்தைச் சாதாரணமாகத் தொடும். கிரீன் அதைவிட மெதுவாகக் குடித்தால் தண்ணீர் நிற்கத்தான் செய்யும்.

வழி ஒன்று: தொடர்ந்து கிளறி மணல் போடுவது

குறை மேல் 60 மி.மீ.க்குள் இருந்து, அடியில் வடிகால் வேலை செய்தால் இதைத் தவிர வேறு எதையும் உடனே செய்ய வேண்டாம். ஆனால் கணக்குப் போட்டுச் செய்ய வேண்டும். பெரும்பாலான இடங்களில் ஏரேஷன், அதாவது துளையிட்டுக் கிளறுவது, தோற்பதற்குக் காரணம் அது தவறான முறை என்பதல்ல, செய்கிற அளவு போதவில்லை என்பதுதான்.

12 மி.மீ. வெளிவிட்டமுள்ள உள்ளீடற்ற ஊசியை 50 மி.மீ. இடைவெளியில் இறக்கினால் சதுர மீட்டருக்கு 400 துளைகள். பரப்பில் 4.5 சதவீதம் மாறுகிறது. 16 மி.மீ. ஊசி என்றால் 8 சதவீதம். வெளியூர்களில் வழக்கமாகச் சொல்லப்படும் இலக்கு ஆண்டுக்கு 15 முதல் 20 சதவீதம். ஆகவே 12 மி.மீ. ஊசியை ஆண்டுக்கு ஒரு முறை ஓட்டிவிட்டு "ஏரேஷன் செய்தோமே, ஒன்றும் நடக்கவில்லையே" என்பதில் வியப்பில்லை. 16 மி.மீ. இரண்டு முறை, இடையில் 12 மி.மீ. ஒரு முறை என்றால் இலக்கை எட்டும். 6 மி.மீ. ஊசி ஒரு முறைக்கு 1 சதவீதத்தைச் சற்றுத் தாண்டுகிறது. அது காற்று விடுவதற்கு உதவும், தேட்சை வெளியேற்றாது.

மணல் கணக்கு: 12 மி.மீ. துளை, 75 மி.மீ. ஆழம் என்றால் சதுர மீட்டருக்குச் சுமார் 3.4 லிட்டர். 500 சதுர மீட்டர் கிரீனுக்கு 1.7 கன மீட்டர், அதாவது ஏறத்தாழ 2.7 டன். பதினெட்டு கிரீனுக்கு ஒரு சுற்றுக்கு 49 டன் உலர்ந்த மணல் கூரைக்குள் தயாராக இருக்க வேண்டும். ஈர மணல் துளையின் வாயில் அடைத்துக்கொண்டு கீழே வெற்றிடம் விடும். இரண்டு வாரத்தில் அந்த இடம் குழிந்து புட்டிங் (பந்தைக் குழிக்கு உருட்டும் ஆட்டம்) கெட்டுப்போகும். துளை நிரம்பியதா என்று கண்ணால் பார்த்து நம்பாமல், ஒரு மெல்லிய கம்பியை விட்டுப் பாருங்கள். இந்தச் சுற்றுகளுக்கு நடுவே இரண்டு வாரத்துக்கு ஒரு முறை 0.5 மி.மீ. மணல், கிரீனுக்குச் சுமார் 400 கிலோ, தூரிகையால் இழுத்துவிட வேண்டும்.

கிளறுவதற்கு ஒரு வாரம் முன்பு சதுர மீட்டருக்கு 3 முதல் 5 கிராம் தழைச்சத்து கொடுங்கள். வளர்ச்சியை அடக்கும் டிரைனெக்ஸபேக் தெளிப்பை இரண்டு வாரம் முன்பே நிறுத்துங்கள். இல்லாவிட்டால் துளை மூட மறுக்கும். எடுத்த மண் உருளைகளைத் தட்டி அங்கேயே தேய்த்துவிடும் பழக்கம் உண்டு. செம்மண் கலந்த பழைய கிரீனில் அப்படிச் செய்தால் வெளியே எடுத்த களியை மறுபடி உள்ளே போடுவதாகும். பொறுக்கி வண்டியில் ஏற்றுங்கள்.

மணலை மட்டும் ஆண்டுக்காண்டு மாற்றாதீர்கள். ஒவ்வொரு லோடிலும் ஒரு கைப்பிடியைக் கண்ணாடிப் புட்டியில் போட்டுத் தேதி எழுதி வையுங்கள். அடுத்த சப்ளை அதோடு சல்லடை அளவில் ஒத்துப்போக வேண்டும். நுண்மணல் அடுக்குக்குக் கீழ் பருமணல் வந்தால் மேல் அடுக்கு முழுதாக நிறையும் வரை தண்ணீர் கீழே இறங்காது. அந்த வரிகள்தான் பிளந்த உருளையில் நீங்கள் பார்த்தவை.

வழி இரண்டு: இருக்கிற கிரீனுக்குள் வடிகால் செருகுவது

மேற்பரப்பு ஓரளவு நன்றாக இருந்து, அடியில் செம்மண் மட்டும் இருக்கும் பழைய கிரீன்களுக்கு இது ஏற்றது. புல்லைப் பட்டையாக வெட்டிப் பலகை மேல் வரிசை மாறாமல் வைக்கிறார்கள். ஏறத்தாழ 2 மீட்டர் இடைவெளியில் 350 முதல் 450 மி.மீ. ஆழத்துக்குக் குறுகிய வாய்க்கால் வெட்டி, தோண்டிய மண்ணை நேராகத் தார்ப்பாயில் போட்டு வெளியேற்றி, 50 மி.மீ. துளைக் குழாய் இறக்கி, வேர்மண் கலவையால் (கரிமப் பொருள் கலந்த மணலால்) நிரப்பி, நீர் தெளித்துக் கெட்டிப்படுத்தி, அதே புல்லை அதே இடத்தில் வைக்கிறார்கள். கிரீனுக்கு மூன்று நான்கு நாள் வேலை. நன்றாகச் செய்தால் ஒரு வாரத்தில் ஆடலாம். குழாயின் சரிவு எங்கும் 0.5 சதவீதத்துக்குக் குறையக்கூடாது. லேசர் மட்டம் வைக்காமல் கண்ணளவில் செய்த வாய்க்காலில் நடுவில் தண்ணீர் தேங்கும்.

ஆழத் துளையிட்டு மணல் நிரப்பும் இயந்திர முறையையும் இதோடு சேர்த்தே பார்க்கலாம். 25 மி.மீ. துரப்பணம், 300 மி.மீ. ஆழம், 190 மி.மீ. இடைவெளி என்று வைத்தால் சதுர மீட்டருக்கு 28 துளைகள், சுமார் 4 லிட்டர் மணல். 500 சதுர மீட்டருக்கு 2 கன மீட்டர். பரப்பில் மாறுவது 1.4 சதவீதம்தான் என்றாலும் ஆழம் அதன் பலம். ஆனால் துளையின் அடி எதையாவது தொட வேண்டும்: ஜல்லியையோ, வடிகாலையோ. எதையும் தொடாமல் செம்மண்ணில் முடியும் துளை மணல் நிரம்பிய சின்னக் கிணறு. ஒரு மழைக்கு நிறைந்துவிட்டால் பிறகு வேலை செய்யாது. எனவே வாய்க்கால் முதலில், துளை பிறகு. துளையிடும் இயந்திரத்தைக் கொண்டுவரும் ஒப்பந்ததாரர் இந்த வரிசையைத் தானாகச் சொல்லமாட்டார், கேட்டு வாங்குங்கள்.

குறைகளும் உண்டு. நிரப்பிய மணல் சில வாரங்களில் 10, 15 மி.மீ. அமுங்கும், இரண்டு முறை மேல் நிரப்ப வேண்டும். மார்ச், ஏப்ரல் வெயிலில் வாய்க்கால் மேல் இருக்கும் புல் முதலில் வாடி, கிரீன் முழுக்கக் கோடுகோடாகத் தெரியும். அந்தக் கோடுகளுக்குப் பிற்பகலில் கையால் ஹோஸ் பிடிக்க ஆள் ஒதுக்க வேண்டும். இந்த வேலைக்கு நல்ல மாதம் பிப்ரவரி. மண் காய்ந்து நிலையாக நிற்கும், இரவுக் குளிர் விலகத் தொடங்கியிருக்கும், அடுத்த கனமழைக்கு மூன்று மாதம் இருக்கும்.

வழி மூன்று: மேல் அடுக்கை உரித்துப் புதுப் புல் நடுவது

கரிமப் பொருள் 6, 7 சதவீதத்துக்குப் போய், பழைய டிஃப்ட்வார்ஃப் புல் திட்டுத்திட்டாக வேறு வேறு நிறத்தில் மாறிவிட்ட கிரீன்களுக்கு இதுதான் சரியான அளவுச் சிகிச்சை. 1965-இல் வெளியான அந்த வகை பல ஆண்டுகள் ஓட்டத்தில் தானாக வேற்று உருக்களைக் கிளப்பும். ஒரு திட்டு மெத்தென்று, பக்கத்துத் திட்டு முரட்டுத்தனமாக, பந்து இரண்டிலும் வேறு வேகத்தில் ஓடும். குட்டையான கலப்பின அருகம்புல் வகைகளின் குணம் அது. எவ்வளவு பராமரித்தாலும் திரும்பாது.

உரிக்கும் முன் கிரீனின் மட்டங்களை 3 மீட்டர் கட்டத்தில் அளந்து பதிவு செய்யுங்கள். இதைத் தவிர்த்த இடங்களில் புதுக் கிரீனின் சரிவு பழையதைப் போல இல்லை என்று உறுப்பினர்கள் ஆண்டுக்கணக்கில் முறையிடுவார்கள். அதில் நியாயமும் இருக்கும். அடுத்து, பழைய புல்லைக் கொல்ல வேண்டும். கிளைஃபோசேட் களைக்கொல்லியை இரண்டு மூன்று வார இடைவெளியில் மூன்று முறை தெளிக்க வேண்டியிருக்கும், ஒவ்வொரு முறையும் பச்சை துளிர்த்த பிறகு. 2022 அக்டோபரில் வந்த மத்திய அரசு அறிவிப்பின்படி அதைப் பூச்சிக்கட்டுப்பாட்டுத் தொழில் உரிமம் உள்ளவர்கள்தான் தெளிக்கலாம்; நம் மாலிகள் கையில் கொடுக்கக்கூடாது. கிரீனைச் சுற்றி ஒன்றரை மீட்டர் வரையாவது சேர்த்துக் கொல்லுங்கள். ஓரத்தில் விட்ட பழைய அருகு இரண்டே ஆண்டில் உள்ளே ஊர்ந்து வரும்.

பிறகு 50 முதல் 75 மி.மீ. உரித்து, கீழே இருக்கும் மணலோடு சல்லடை அளவில் ஒத்த புது மணலை அதே கனத்துக்கு நிரப்ப வேண்டும். 75 மி.மீ. என்றால் கிரீனுக்கு 37.5 கன மீட்டர், அமுக்கத்துக்குச் சேர்த்து 42. பழைய, புதிய அடுக்குகள் சந்திக்கும் கோட்டை ரோட்டவேட்டரால் லேசாகக் கலந்துவிட்டால் அங்கே தண்ணீர் நிற்காது.

உரிக்காமல், கொன்ற புல்லின் மேலேயே நடும் மலிவு முறையும் இருக்கிறது. வறண்ட ஊர்களில் அது எடுபடலாம். செப்டம்பரில் மட்டும் 200 மி.மீ.யை ஒட்டி மழை பெய்யும் இந்த ஊரில், நீர் குடித்த தேட்சை உள்ளேயே வைத்துக்கொண்டு மேலே புதுப் புல் போடுவதை நாங்கள் பரிந்துரைக்கமாட்டோம். அடியில் வடிகால் இல்லாத கிரீனை உரிப்பதும் அப்படித்தான். இரண்டாம் வழியை இதோடு சேர்த்துச் செய்தால் மட்டுமே பணம் தங்கும்.

வழி நான்கு: அடியிலிருந்து கட்டுவது

செம்மண்ணை வாரிக் குவித்து மேடாக்கிய கிரீன், மூன்று உருளையும் முழுக்கச் சேறு, வடிகாலே இல்லை, சரிவும் இன்று பந்து ஓடும் வேகத்துக்கு அதிகம் என்றால் தோண்டத்தான் வேண்டும். இங்கே இரண்டு கட்டுமானங்கள் போட்டியிடுகின்றன.

யூ.எஸ்.ஜி.ஏ. (அமெரிக்க கோல்ஃப் சங்கம்) முறையில் 100 மி.மீ. குழாய்கள் 5 மீட்டருக்கு மிகாத இடைவெளியில் வாய்க்காலில் போகும், அவற்றின் மேல் 100 மி.மீ. ஜல்லி, அதற்கு மேல் 300 மி.மீ. வேர்மண் கலவை. கலவையில் 60 சதவீதமாவது 0.25 முதல் 1 மி.மீ.க்குள் இருக்க வேண்டும், 1 மி.மீ.க்கு மேல் 10 சதவீதத்துக்குள், வண்டல் 5-க்குள், களி 3-க்குள். நீர் இறங்கும் வேகம் மணிக்கு 150 மி.மீ.யாவது. மணலுக்கும் ஜல்லிக்கும் உள்ள பருமன் வேறுபாட்டால் அந்த எல்லையில் சிறிது ஈரம் தொங்கி நிற்கிறது. ஜனவரியிலிருந்து மார்ச் வரை மழை அபூர்வமான நமக்கு அது லாபம். ஆனால் ஜல்லியும் மணலும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும். ஜல்லியில் 15 சதவீதம் எந்த அளவுக்குக் கீழே இருக்கிறதோ அந்த அளவு, மணலில் 85 சதவீதம் எந்த அளவுக்குக் கீழே இருக்கிறதோ அதைப்போல் 8 மடங்கைத் தாண்டினால் மணல் ஜல்லிக்குள் வடியும். தாண்டினால் நடுவே 50 முதல் 100 மி.மீ. பருமணல் அடுக்கு கூடுதலாக வேண்டும். கிரஷர் தூசு ஒட்டிய ஜல்லியைக் கழுவாமல் போடுவது இன்னொரு வழக்கமான பிழை. குழாயைத் துணியால் சுற்றுவதும் வேண்டாம். நுண்தூசு அதில் படிந்து அடைக்கும்.

கலிபோர்னியா முறையில் ஜல்லி விரிப்பு இல்லை. வடிகால் வாய்க்கால்களில் மட்டும் ஜல்லி, மேலே நேராக 300 மி.மீ. மணல். கிரீனுக்கு 50 கன மீட்டர் ஜல்லி மிச்சம், பொருத்தம் பார்க்கும் தலைவலியும் குறைவு. அடிமண் இறுகிய செம்மண்ணாக இருந்தால் தண்ணீர் அதன் மேல் வழுக்கிக் குழாய்க்கு வந்துவிடும். மேடான பகுதி சீக்கிரம் காயும் என்பது குறை. சரிவு மிதமான கிரீன்களுக்கு இதையே தேர்வு செய்யச் சொல்வோம். அடுக்கடுக்கான மேடுபள்ளம் உள்ள பெரிய கிரீன் என்றால் யூ.எஸ்.ஜி.ஏ. முறை.

இரண்டிலும் உயிர்நாடி மணல். கட்டடத்துக்கு வரும் எம்-சாண்ட் ஆகாது என்பதைக் கமிட்டிக்கு எண்ணிலேயே காட்டலாம். கான்கிரீட் மணல், ஜல்லிக்கான இந்தியத் தரமான ஐ.எஸ். 383-இன் இரண்டாம் மண்டல மணலில் 45 சதவீதம் வரை 1.18 மி.மீ. சல்லடையில் தங்கலாம், நொறுக்கிய மணலில் 20 சதவீதம் வரை 150 மைக்ரான் வழியே போகலாம். கான்கிரீட்டுக்கு அது நல்ல மணல். கிரீனில் பெரியதும் தூசும் சேர்ந்து கெட்டித்துவிடும். சல்லடையிட்டு இரண்டு முறை கழுவிய சிலிக்கா மணல்தான் வேண்டும்.

கலவையில் கரிமப் பொருளாகப் பொள்ளாச்சிப் பக்கமிருந்து வரும் தென்னை நார்த்தூளைச் சேர்க்கலாம், கன அளவில் 10 முதல் 15 சதவீதம். உப்பு நீங்கக் கழுவியதா என்று மின்கடத்துத்திறன் சோதித்து வாங்குங்கள். கலப்பது வெளியே, சிமென்ட் தளத்தில். கிரீன் மேலேயே கொட்டி ரோட்டவேட்டர் விட்டால் ஓர் அடிக்கு ஒரு விகிதம் இருக்கும்.

500 சதுர மீட்டருக்கு 150 கன மீட்டர் கலவை. அமுக்கத்துக்குச் சேர்த்து 170. பத்து கன மீட்டர் டிப்பரில் 17 லோடு. பதினெட்டு கிரீனுக்கு 300 லோடுக்கு மேல், ஜல்லியும் வெளியேற்றும் மண்ணும் தனி. நகருக்குள் கனரக லாரிக்கு நேரக் கட்டுப்பாடு இருப்பதால், ஹை கிரவுண்ட்ஸில் 1876-இலிருந்து இருக்கும் பெங்களூர் கோல்ஃப் கிளப் போன்ற இடத்துக்கும் பிடதி, தேவனஹள்ளிப் பக்கத்து மைதானத்துக்கும் இந்த வழியின் நடைமுறைச் செலவு ஒன்றாக இருக்காது. உள்ளே வந்த லாரி ஃபேர்வேயை (கிரீன் வரை நீளும் ஆட்டப் புல்வெளியை) நசுக்காமல் போக ஒரே பாதை, அதில் இரும்புத் தகடு அல்லது கனப் பலகை. வேலை முடிந்து அந்தப் பாதையை உழுது மீண்டும் நடும் செலவையும் திட்டத்தில் எழுதுங்கள். தோண்டியதிலிருந்து ஆட்டம் தொடங்க ஐந்து முதல் ஏழு மாதம்.

எந்த மாதம்?

"ஆடிப்பட்டம் தேடி விதை" என்பது வயலுக்குச் சரி. கிரீனுக்கு ஆடி ஆகாது. டிஃப்ஈகிள் போன்ற குட்டை அருகு வகை அடர்ந்து மூட நாளொன்றுக்குச் சதுர மீட்டருக்குச் சுமார் 32 மோல் ஒளி வேண்டும் (மோல் என்பது ஒளியை அளக்கும் அலகு). தெளிந்த ஏப்ரல் நாளில் அது தாராளமாகக் கிடைக்கும். ஜூலை, ஆகஸ்ட் மேகமூட்டத்தில் பல நாட்கள் கிடைக்காது. தண்ணீர் தாராளம் என்று ஜூலையில் நட்டால் தண்டு மெலிந்து நீளும், பாசி பிடிக்கும், பித்தியம் அழுகல் வரும், வேர் பிடிக்காத மணலை இடிமழை அரித்துப் பங்கருக்குள் (மணல் பள்ளத்துக்குள்) தள்ளும். செப்டம்பரில் நட்டால் மழையின் உச்சத்தில் மாட்டி, பிறகு டிசம்பரின் 16 டிகிரி இரவுகளில் வளர்ச்சி படுத்துவிடும். சரியான வரிசை: மாசியில் கொல்வது, பங்குனிக்குள் மண் வேலை முடிப்பது, ஏப்ரல் முதல் பாதியில் நடுவது. ஜூன் இறுதியில் ஆடும் நிலைக்கு வரும், மேகம் திரளும்போது வேர் ஆழத்தில் இருக்கும். நான்காம் வழிக்கு இதே நாற்று நாள் வேண்டுமென்றால் தோண்டலை டிசம்பரிலேயே தொடங்க வேண்டும். அந்தக் காலத்தைத் தவறவிட்ட கிளப் ஆகஸ்டில் அவசரமாகத் தொடங்குவதைவிட அடுத்த பிப்ரவரிக்குக் காத்திருப்பது நல்லது.

சிக்கல் என்னவென்றால் புல்லுக்குப் பிடித்த மாதம்தான் ஊருக்குத் தண்ணீர் இல்லாத மாதம். நட்ட முதல் பத்து நாள் ஒரு மி.மீ. வீதம் எட்டு முறை தெளிக்க வேண்டும். பதினெட்டு கிரீனின் 9,000 சதுர மீட்டருக்கு அது நாளொன்றுக்கு 72,000 லிட்டர், ஆறு பெரிய டேங்கர். 2024 மார்ச்சில் குடிநீரைத் தோட்டத்துக்கு விடுவதைப் பெங்களூரு குடிநீர் வாரியம் தடை செய்து, மீறினால் 5,000 ரூபாய் அபராதம் என்று அறிவித்தது. சுத்திகரித்த கழிவுநீரும் மைதானக் குளமும்தான் கணக்கில் வர வேண்டும். முதல் ஆறு வாரத்துக்கு 3,000 கன மீட்டர் சேமிப்பு கையில் இல்லையென்றால் பதினெட்டையும் ஒரே ஆண்டில் தொடாதீர்கள். ஒன்பது ஒன்பதாகப் பிரித்தால் தேவை பாதியாகிறது. அந்த ஓராண்டு பழைய கிரீன் ஒரு வேகத்தில், புதுக் கிரீன் இன்னொரு வேகத்தில் ஓடும். ஆட்டக்காரர்கள் பொறுத்துக்கொள்ளக்கூடிய குறைதான் அது. காய்ந்த நாற்று அப்படியல்ல.

கிளறும் வேலைக்கும் இதே ஒளிக் கணக்குதான். 16 மி.மீ. ஊசியை மார்ச் கடைசியில் ஒரு முறை, அக்டோபர் தொடக்கத்தில் ஒரு முறை, மே இறுதியில் 12 மி.மீ. ஒரு முறை. ஏப்ரலில் பத்துப் பன்னிரண்டு நாளில் துளை மூடும், அக்டோபரில் மூன்று வாரம் கேட்கும். ஜூலை, ஆகஸ்டில் 6 மி.மீ. ஊசிக்கு மேல் எதுவும் வேண்டாம். கோடை மழைக்குப் பின் கிளம்பும் வண்டுகளின் புழுக்கள் ஜூனிலிருந்து வேரைத் தின்னத் தொடங்கும் என்பதால், புது நாற்றை வாரம் ஒரு முறை தூக்கிப் பார்ப்பதும் அட்டவணையில் இருக்கட்டும்.

எந்தப் புல்?

சூரியன் எட்டு மணி நேரம் விழும் கிரீனில், நல்ல தண்ணீரோடு, வாரந்தவறாமல் மணல் போடும் குழு இருந்தால் டிஃப்ஈகிள். 3 மி.மீ. வெட்டைத் தாங்கும், ஆனால் தேட்சை வேகமாகச் சேர்க்கும். மணல் பட்ஜெட்டை வெட்டும் பழக்கமுள்ள கிளப் இதை வாங்கினால் சில ஆண்டுகளில் பழைய இடத்துக்கே வந்துவிடும். சுத்திகரித்த நீரில் சோடியம், உப்பு அதிகம் என்று பரிசோதனை சொன்னால் சீஷோர் பாஸ்பாலம் என்ற புல் தாங்கும். ஆனால் அதைத் தாக்கும் டாலர் ஸ்பாட் நோய்க்கு எப்போதும் மருந்து தயாராக இருக்க வேண்டும். மர நிழலில் இரண்டும் தோற்கும். கிளை கழிக்கவோ மரம் வெட்டவோ கர்நாடக மரப் பாதுகாப்புச் சட்டப்படி மர அதிகாரியின் அனுமதி வேண்டும். அந்த விண்ணப்பத்தை மண் வேலைக்கு ஆறு மாதம் முன்பே போடுங்கள்.

எந்த வகையானாலும் நாற்றை முதலில் சொந்த நர்சரியில் வளருங்கள். ஒரு சதுர மீட்டர் நர்சரி எட்டு முதல் பத்து சதுர மீட்டருக்கு வரும். வெட்டிய தண்டு அன்றே மண்ணுக்குள் போக வேண்டும். ஒரு மதியம் லாரியில் சூடேறிய தண்டில் பாதி பிழைக்காது. பயிற்சிக் கிரீனை ஓராண்டு முன்னதாகத் தேர்ந்தெடுத்த வழியில் செய்து பார்த்தால், ஒப்பந்ததாரரின் கையும் உங்கள் ஆட்களின் கையும் ஒரு கிரீனிலேயே தெரிந்துவிடும். வேலைத் தாளைத் தமிழிலும் கன்னடத்திலும் எழுதி ஷெட்டில் ஒட்டுங்கள்: எந்த நாள், எந்த கிரீன், எத்தனை மி.மீ., எத்தனை கிலோ.

ஒப்பந்தத்தில் பணம் கொடுப்பதை மணல் பரிசோதனையோடு கட்டுங்கள். 200 கன மீட்டருக்கு ஒரு சல்லடை அறிக்கை, அது வரும்வரை குவியலைத் தொடக்கூடாது. வாசலில் ஒவ்வொரு லோடிலும் கால் லிட்டர் மணலை எடுத்துத் தண்ணீர்ப் புட்டியில் போட்டுக் குலுக்கி, பத்து நிமிடம் அசையாமல் வையுங்கள். அங்கீகரித்த மாதிரியின் புட்டியைப் பக்கத்திலேயே வைத்து ஒப்பிடுங்கள். தண்ணீர் இன்னும் பால் போல் கலங்கியிருந்தால், அல்லது மணல் மேல் நுண்சேறு தடித்துப் படிந்தால், அந்த டிப்பர் கொட்டுவதற்கு முன்பே திரும்பிப் போக வேண்டும். அதற்கு அதிகாரம் யாருக்கு என்பதையும், அவர் விடுப்பில் இருந்தால் அடுத்தவர் யார் என்பதையும் ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்.